ஒரே கடையில் கிடைக்காத நம்பிக்கை

பெங்களூரில் நல்ல அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துக் கடையைச் சொல்வார்கள். அந்தக் கடைக்காரரிடம் போய், இது எந்த ஊரில் யார் வயலில் விளைந்தது என்று கேட்டால் பேச்சு சட்டென்று சுருங்கிவிடும். ஜெயநகரிலும் மல்லேஸ்வரத்திலும் இந்திராநகரிலும் ஆர்கானிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் அதற்கென்று தனி அலமாரியே உண்டு. பத்து நிமிடத்தில் கதவைத் தட்டும் செயலிகளிலும் பச்சை இலை அச்சிட்ட பொட்டலங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பொருளுக்குக் குறைவில்லை, நம்புவதற்கான ஆதாரத்துக்குத்தான் குறைவு. பெரிய கடையை விட்டுச் சின்னக் கடைக்கு, அல்லது வாரச் சந்தைக்குப் போனால் இது தீர்ந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. விற்கிறவர் பொய் சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம், அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க வாங்குகிறவருக்கு வழி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். அவற்றுக்குக் கீரைக்கு ஒரு விடை, அரிசிக்கு ஒரு விடை, தேனுக்கு வேறொரு விடை. எல்லாவற்றையும் ஒரே ‘நம்பகமான’ கடையில் வாங்கிவிட நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த விஷயத்தில் பெங்களூர் பின்தங்கிய ஊர் அல்ல. இயற்கை வேளாண்மைக்கென்று தனிக் கொள்கையை இந்தியாவில் முதலில் அறிவித்த மாநிலம் கர்நாடகம், அது 2004ல். சர்வதேசச் சிறுதானிய ஆண்டு 2023ல் வருவதற்கு வெகு முன்பே, 2017ல், அரண்மனை மைதானத்தில் மாநில வேளாண் துறை ஆர்கானிக்–சிறுதானிய வணிகக் கண்காட்சி நடத்தியது. பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்து விவசாயிகளிடம் பரப்பிய சஹஜ சம்ருத்தா இயக்கம் இங்கிருந்துதான் இயங்குகிறது. நகரத்தின் தெற்கு எல்லையைத் தாண்டினால், தமிழ்நாட்டுப் பக்கத்தில் தளிக்கு அருகே கும்மளாபுரத்தை ஒட்டியுள்ள நவதர்சனம் வாழ்குடி, பாழ்பட்டுக் கிடந்த நிலத்தைக் காடாக மீட்டுக்கொண்டே பெங்களூர் வீடுகளுக்கு உணவுப் பொருள்களையும் தயாரித்து அனுப்பி வந்திருக்கிறது. சட்டமும் சும்மா இருக்கவில்லை. ஏற்றுமதியை மனத்தில் வைத்து எழுந்த என்பிஓபி என்ற தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம் 2001 முதலே இருக்கிறது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்று தரும் பிஜிஎஸ் முறை 2011ல் அரசுத் திட்டமானது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017ல் கொண்டுவந்த விதிகளின்படி, 2018 ஜூலை முதல் ஆர்கானிக் என்று எழுதி விற்கும் பொட்டலத்துக்கு இந்த இரண்டில் ஒரு சான்று வேண்டும். ‘ஜைவிக் பாரத்’ முத்திரையும் அந்த விதிகளோடு வந்ததுதான். இவ்வளவும் இருந்தும் வாங்குகிறவர் மனத்தில் ஐயம் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் அறியாமை மட்டுமாக இருக்க முடியாது.

சான்றிதழ் எதைச் சொல்கிறது என்பதைக் கவனித்தால் காரணம் புலப்படும். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் நிறுத்தி, ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, மரப்பயிருக்கு 3 ஆண்டு மாற்றக் காலம் கடந்து, இடுபொருள்களுக்குக் கணக்கு எழுதி வைத்தார்கள் என்பதை அது சொல்கிறது. சிறு விவசாயி தனியாகச் செலவு தாங்க மாட்டார் என்பதால் 25 முதல் 500 பேர் வரை ஒரே குழுவாகச் சான்று பெறலாம். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் அவர்களில் ஒரு பகுதியினரின் நிலத்தைத்தான் நேரில் பார்ப்பார். மற்றவை குழுவின் உட்கண்காணிப்பை நம்பியே ஓடுகின்றன. அந்த உட்கண்காணிப்பு நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாடுகள் பதில் சொல்லிவிட்டன. இந்தியாவின் ஆர்கானிக் மேற்பார்வையை ஏற்றுக்கொண்டிருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அமெரிக்க வேளாண் துறை 2021 ஜனவரியில் அறிவித்தது. அதே ஆண்டு முடிவில், எள் முதலிய பொருள்களில் எத்திலீன் ஆக்சைடு கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, ஐரோப்பிய ஒன்றியம் 5 இந்தியச் சான்றளிப்பு நிறுவனங்களின் அங்கீகாரத்தை நிறுத்தியது. தன் துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சோதிக்க வசதியுள்ள நாடே ஏமாறக்கூடும் என்றால், பனசங்கரியில் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்குகிறவர் முத்திரையை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது கடினம்தான். அதற்காக முத்திரையைக் குப்பையில் போட வேண்டியதில்லை. முகமறியாத ஊரிலிருந்து, பல கை மாறி, மாதங்கள் கழித்து வரும் பொருளுக்கு அதைவிட்டால் வேறு பிடிமானம் கிடையாது. குறைந்தபட்சம் பொய் சொன்னவரைச் சட்டத்தின் முன் நிறுத்த அது ஒரு கொக்கி. ஆர்கானிக் பொருளில் பூச்சிமருந்து எச்சம் சாதாரணப் பொருளுக்கு அனுமதித்த அளவில் 5 சதவீதத்தையோ, சோதனைக் கருவி அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவையோ, இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. முத்திரை இல்லாத பொட்டலத்தின் மேல் இந்த அளவுகோலை வைத்து வழக்குப் போட முடியாது.

சான்றிதழை வெறுக்கிறவர்கள் காட்டும் மாற்று வழி நேரடி உறவு. அதற்கும் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஆண்டு விற்றுவரவு 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளரோ உற்பத்தியாளர் அமைப்போ நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை. ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் நேரடி என்ற பெயரில் நடப்பதெல்லாம் நேரடி அல்ல. அபார்ட்மென்ட் வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை போடும் மேசைக்குப் பின்னால் நிற்பவர் விவசாயியாகவும் இருக்கலாம், விடியற்காலையில் கலாசிபாளையத்தில் ஏலம் எடுத்து வந்தவராகவும் இருக்கலாம். வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பருவம்தான். ஒரே மேசையில் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவில் காலிஃபிளவரும் தக்காளியும் குடைமிளகாயும் இருந்தால், அந்த மேசைக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருக்க வாய்ப்பில்லை, மண்டிதான் இருக்கும். உண்மையான தோட்டக்காரரின் மேசை சில வாரம் நிறைந்தும் சில வாரம் பாதி காலியாகவும் இருக்கும். இந்த வாரம் ஏன் கத்தரி இல்லை என்று கேட்டால் மழையையோ புழுவையோ பற்றி ஐந்து நிமிடம் பேசுவார். வாங்கி விற்கிறவர் அடுத்த வாரம் வரும் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். பெங்களூர்க்காரர்களுக்கு இந்தப் பருவ அறிவு புதிதல்ல. மார்கழி, தையில் மாகடிப் பக்கத்து மொச்சை வந்து குவியும்போது காயை எடுத்து முகர்ந்து பார்த்து வாங்குகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. தோலில் பிசுபிசுக்கும் அந்த எண்ணெய் மணத்தைச் ‘சொகடு’ என்பார்கள். சொகடு இல்லாத மொச்சைக்கு மதிப்பில்லை. பசவனகுடியில் கார்த்திகை மாதத்துக் கடலைக்காய்ப் பரிஷை என்ற நிலக்கடலைத் திருவிழாவும் லால்பாகின் மாம்பழ மேளாவும் இதே வகைதான். கார்பைடு வைக்காமல் பழுத்த பழம் என்று மேளாவில் நம்பி வாங்குவதற்குக் காரணம், கடை போட்டிருப்பவர் விளைவித்தவர் என்பதும், அவரை அங்கே உட்காரவைத்த அரசு அமைப்பின் பெயரும் அதில் சேர்ந்திருப்பதும்.

முகர்ந்து பார்ப்பதாலோ நேரில் பேசுவதாலோ தீராத ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. அது தண்ணீர். கர்நாடக அரசின் சுற்றுச்சூழல் மேலாண்மை, கொள்கை ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ரி, நகரின் 20 கடைகளிலிருந்து 10 வகைக் காய்கறிகளில் 400 மாதிரிகள் எடுத்துச் சோதித்த முடிவு 2023ல் வெளியானது. ஈயம், காட்மியம், நிக்கல் போன்ற கன உலோகங்கள் பல காய்களில் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. சூப்பர் மார்க்கெட், தெருச்சந்தை, ஹாப்காம்ஸ் கூட்டுறவுக் கடைகளோடு ஆர்கானிக் கடைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவற்றின் காய்களும் தப்பவில்லை. இதில் மோசடி இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்கே விருஷபாவதி நகரத்தின் சாக்கடையையும் பீன்யா முதலிய தொழிற்பேட்டைகளின் கழிவையும் சுமந்து பிடதிக்கு அருகே பைரமங்கலா ஏரியில் சேர்கிறது. அந்த ஏரியையும் ஆற்றையும் நம்பி விவசாயம் நடக்கிறது. கிழக்கே, பெங்களூரின் கழிவுநீர் இரண்டாம் கட்டம் வரை சுத்திகரிக்கப்பட்டு 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாயில் போகிறது. நேரடிப் பாசனத்துக்கு அல்ல, நிலத்தடி நீரை உயர்த்தத்தான் என்பது அரசின் நிலை. ஆனால் கிணறு வழியாக அது வயலுக்கு வரத்தானே செய்யும்? இப்படிப்பட்ட நீரில், ஒரு சொட்டு மருந்துகூடத் தெளிக்காமல், மாட்டுச் சாணமும் ஜீவாமிர்தமும் மட்டும் ஊற்றி ஒருவர் கீரை வளர்க்கலாம். அவர் சொல்வதெல்லாம் உண்மை. கீரையில் உலோகம் இருப்பதும் உண்மை. இடுபொருளைக் கேட்பது ஆர்கானிக் சான்றிதழின் மையம். ஒவ்வொரு பருவமும் பாசன நீரில் காட்மியத்தை அளப்பது அதன் மையம் அல்ல. காயைவிட இலைக்கு உலோகத்தைச் சேர்த்துக்கொள்ளும் இயல்பு அதிகம் என்பதால், ஆர்கானிக் என்று நாம் முதலில் தேடிப் போகும் கீரைதான் இந்த ஊரில் அதிக ஐயத்துக்குரிய பொருள். ஆகவே பாலக்கும் தண்டுக்கீரையும் வாங்கும்போது என்ன உரம் போட்டீர்கள் என்ற கேள்விக்கு முன்னால் எந்தத் தண்ணீர் பாய்ச்சினீர்கள் என்ற கேள்வி வர வேண்டும். மழைநீர்க் குட்டை, கழிவுநீர் ஓடைக்கு எட்டாத ஆழ்துளைக் கிணறு, ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதித்த தாள் என்று ஏதாவது ஒன்றை விற்கிறவர் காட்ட முடிந்தால்தான் அந்தக் கட்டுக் கீரைக்கு இரட்டை விலை கொடுப்பதில் பொருள் உண்டு. கீரையைப் பொறுத்தவரை மாடித் தொட்டிதான் மிக உறுதியான கடை என்று சொல்லத் தோன்றுகிறது. எல்லோருக்கும் மாடி இல்லை என்பது வேறு விஷயம்.

தானியத்தின் கதை வேறு. ராகியும் சாமையும் நெல்லும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை வாங்கினால் போதும். அதனால் தூரம் ஒரு பொருட்டல்ல, தொடர்பைக் கட்டிக்கொள்ள அவகாசமும் இருக்கிறது. மானாவாரி ராகிக்கும் சிறுதானியங்களுக்கும் பூச்சிமருந்துத் தேவை இயல்பாகவே குறைவு. பொய் சொல்லிச் சம்பாதிக்க அங்கே பெரிய லாபமும் இல்லை. சான்றிதழ் இல்லாத கனகபுரத்து ராகி, சான்றிதழ் உள்ள திராட்சையைவிட மருந்து எச்சத்தில் பாதுகாப்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. நெல்லில், ராஜமுடி, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற பெயர்களுக்கு இப்போது சந்தை கூடியிருப்பதால் பெயரே போலியாகும் ஆபத்து உண்டு. இங்கே சரியான அமைப்பு விவசாயிகளே பங்குதாரர்களான உற்பத்தியாளர் கம்பெனி. 2002ல் கம்பெனிச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு உருவான இந்த வடிவத்தில், ஒருவர் செய்யும் கலப்படம் மற்ற எல்லா உறுப்பினரின் வருமானத்தையும் கெடுக்கும். ஆகவே கண்காணிப்பதில் அவர்களுக்கே அக்கறை இருக்கிறது. பிஜிஎஸ் முறையின் பலமும் இதுதான். ஒரே ஊரில் குறைந்தது 5 பேர் சேர வேண்டும். பக்கத்து வயல்காரர் இரவில் யூரியா மூட்டை இறக்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். பக்கத்து வயல்காரர் மாமனோ மச்சானோ ஆக இருந்துவிட்டால் தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பார் என்ற ஆட்சேபம் பொய்யல்ல. அந்த ஓட்டையை அடைக்கத்தான் வாங்குகிறவர்களும் ஆய்வு நாளில் வயலுக்கு வர வேண்டும் என்று பிரேசிலின் ஈகோவிடா போன்ற கூட்டமைப்புகள் வலியுறுத்துகின்றன. நம் ஊரில் முறை வந்தது, வாங்குகிறவர் வரவில்லை.

எண்ணெய்க்குக் கணக்குப் பாடம் போதும். ஒரு கிலோ செக்கு எண்ணெய்க்கு இரண்டு கிலோவுக்கு மேல், சில சமயம் இரண்டரைக் கிலோ வரை நிலக்கடலைப் பருப்பு பிடிக்கும். பருப்பின் அன்றைய விலையை இரண்டேகாலால் பெருக்கி, பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, ஆட்டுகூலியைச் சேர்த்துப் பார்த்தால் விலை தெரிந்துவிடும். அதற்கும் கீழே விற்கிறவர் தர்மம் செய்கிறார் அல்லது கலக்கிறார். பெங்களூரில் தெருவுக்குத் தெரு வந்துவிட்ட ‘கானா’ என்ற செக்கெண்ணெய்க் கடைகளில் செக்கு கண்முன்னே சுற்றுவது நல்லதுதான், ஆனால் உள்ளே விழுகிற கடலை எங்கே விளைந்தது என்பதைச் செக்கு சொல்லாது. தேன்தான் மிகக் கடினம். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மனியின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய 13 பிராண்டுகளில் 10 தேறவில்லை. வழக்கமான சோதனைகளை ஏமாற்றுவதற்கென்றே தயாரித்த சர்க்கரைப் பாகு சந்தையில் கிடைக்கிறது என்பதும் அப்போது அம்பலமானது. தண்ணீரில் விடுவது, தாளில் சொட்டுவது, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது எல்லாம் இந்தப் பாகின் முன் செல்லாது. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை போலத் தேன் எடுக்கும் பழங்குடிகளோடு நீண்ட காலம் வேலை செய்த அமைப்பின் பெயருக்கு இங்கே ஆய்வுக்கூடத்துக்கு இணையான மதிப்பு உண்டு. பாலில் நிலைமை மாறிவருகிறது. திப்டூரில் 2010ல் தொடங்கிய அக்ஷயகல்பா, சான்றிதழும் வைத்துக்கொண்டு, பண்ணையைப் பார்க்க வாடிக்கையாளரையும் அழைத்து, இரண்டு வழிகளும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்று காட்டியது. நாட்டுப்பசுவின் ஏ2 பால் என்ற பெயரில் நடக்கும் வியாபாரம் அப்படி அல்ல. அந்த வாசகத்தை லேபிளிலிருந்து நீக்கச் சொல்லி 2024 ஆகஸ்டில் உத்தரவிட்ட உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒரு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றது. வாங்குகிறவர் எதை நம்புவது?

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன், உடம்புக்கு இதனால் கூடுதல் நன்மை நிரூபணம் ஆகியிருக்கிறதா என்ற கேள்வி நியாயமானது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சத்தில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் மருந்து எச்சம் குறைவு என்றது. 2014ல் பிரிட்டிஷ் சத்துணவு இதழில் 343 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், எச்சத்தோடு காட்மியமும் குறைவு, சில தாவர வேதிப்பொருள்கள் கூடுதல் என்றார்கள். அந்தக் காட்மியக் குறைவுக்கு பாஸ்பேட் உரம் போடாதது ஒரு காரணமாக இருக்கலாம். விருஷபாவதித் தண்ணீர் பாய்ந்தால் அந்த லாபம் கைக்கு வராது. ஆகவே நன்மை இருக்கிறது, அது ஊரையும் நீரையும் பொறுத்தது என்பதற்கு மேல் உரிமை கொண்டாடக் கூடாது. இன்னொரு ஆட்சேபம் இலங்கையைக் காட்டும். 2021ல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, விளைச்சல் சரிந்து, நவம்பரில் தடையை விலக்கிக்கொண்ட அனுபவத்துக்குப் பிறகு இயற்கை உணவு பற்றிப் பேசலாமா? பேசலாம், அங்கே தோற்றது மேலிருந்து ஓர் இரவில் விழுந்த ஆணை. மண்ணுக்கும் விவசாயிக்கும் மாற்றக் காலம் கொடுக்காத எந்தத் திட்டமும் அப்படித்தான் முடியும். 2024 நவம்பரில் 2,481 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண்மை இயக்கமும் இந்தப் பாடத்தை மறந்தால் கணக்கில் ஏக்கர் கூடும், சந்தையில் நம்பிக்கை கூடாது.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு வயலுக்குப் போய்ப் பார்க்கவும் பருப்பு விலையைப் பெருக்கிப் பார்க்கவும் நேரம் ஏது, ஈஜிபுரத்திலும் சிவாஜிநகரிலும் மாத பட்ஜெட்டை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற குடும்பத்துக்கு இரட்டை விலை கட்டுமா? நேரத்துக்கு ஓரளவு விடை இருக்கிறது. இருபது வீடுகள் சேர்ந்தால் ஆண்டுக்கு ஒருவர் ஒரு முறை போய்ப் பார்த்து வந்தால் போதும், நீர்ச் சோதனைச் செலவும் பங்காகிவிடும். சென்னையின் ரீஸ்டோர் போன்ற தன்னார்வக் கடைகள் வளர்ந்தது இப்படி வாங்குகிறவர்கள் தாங்களே வேலையைப் பகிர்ந்துகொண்டதால்தான். விலைக்கு அந்த விடை போதாது. சாதாரணக் குடும்பம் காய் வாங்குகிற இடத்திலேயே சோதனை நடந்தால் ஒழிய இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காகவே நிற்கும். அதற்கு ஏற்ற அமைப்பை இந்த ஊர் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டாக்டர் எம்.எச். மரிகௌடாவின் முயற்சியால் 1959ல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கிய ஹாப்காம்ஸுக்கு நகரமெங்கும் கடைகள் இருக்கின்றன, உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, எந்தக் காய் எந்த விவசாயியிடமிருந்து வந்தது என்ற கொள்முதல் பதிவும் இருக்கிறது. அது விற்பது ஆர்கானிக் அல்ல. எம்ப்ரி சோதனையில் அதன் காய்களும் சிக்கின. ஆனால் எந்தக் கிணற்று நீர் என்று தேடிப் பின்னோக்கிப் போகக்கூடிய பாதை தனியார் மண்டியைவிட அங்கே தெளிவாக இருக்கிறது. உறுப்பினர்களின் கிணற்று நீரை ஆண்டுக்கு ஒரு முறை சோதித்து, கடையில் விலை எழுதும் கரும்பலகையில் விலைக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் சோதனைத் தேதியையும் சேர்த்து எழுதச் செய்வதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. தோட்டக்கலைத் துறையின் ஆய்வுக்கூடங்களுக்கு அந்த வேலையையும் அதற்கான பணத்தையும் ஒதுக்கினால் போதும்.